விரயத்தைத் தேடுங்கள், ஆளைத் தேடாதீர்கள்

‘லீன்’ என்ற சொல்லை உங்களில் பலர் இதற்குள் கேட்டிருப்பீர்கள். கோ-ஒப் வேலைக்குப் போன முதற் கிழமையிலேயே யாராவது ஒருவர் வெள்ளைப் பலகையில் மஞ்சள் துண்டுகளை ஒட்டி விளங்கப்படுத்தியிருப்பார். பொறியியலோ வணிகமோ படிப்பவர்களுக்கு ஒரு முழுப் பாடமாகவே வந்திருக்கும். எனக்கும் முதுநிலைப் படிப்பில் அப்படித்தான் வந்தது. படங்கள், அம்புக்குறிகள், ஜப்பானியச் சொற்கள். நல்ல புள்ளிகளும் கிடைத்தன.

ஆனால் எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல் எனக்கு முன்பே வந்துவிட்டது. அப்பா ஸ்காபரோவில் கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் நின்றவர். ஒரு நாள் அங்கே கையில் மணிக்கூட்டோடு சிலர் வந்து வரிசைக்குப் பக்கத்தில் நின்றார்களாம். மூன்று மாதத்துக்குள் ஒன்பது பேர் செய்த வேலையை ஆறு பேர் செய்தார்கள். “லீன் எண்டா மெலிவு. மெலிஞ்சது கொம்பனி இல்லை, நாங்கள்தான்” என்று அப்பா இன்றைக்கும் சொல்வார்.

நான் இப்போது செய்யும் வேலை அந்த மணிக்கூட்டுக்காரரின் வேலைக்கு மிகக் கிட்டவானது. தகவல் தொழில்நுட்ப ஆலோசகன் என்று பெயர். ஒரு நிறுவனம் புதிய மென்பொருள் போட முதல், அங்கே வேலை எப்படி ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலையில் பாதி. ஆகவே அப்பாவின் வசனத்துக்கு நான் ஒரு பதில் வைத்திருந்தே ஆகவேண்டும். லீன் என்பது ஆட்குறைப்புக்கு வைத்த நாகரிகப் பெயரா, இல்லை வேறு ஏதாவதா?

நூல் அறுந்தால் நிற்கும் தறி

இந்தக் கதை காரில் தொடங்கவில்லை, நெசவில் தொடங்குகிறது. சாகிச்சி டொயோடா என்ற ஜப்பானியர் 1924இல் ஒரு தானியங்கித் தறியை உருவாக்கினார். ஓடிக்கொண்டிருக்கும்போது நூல் அறுந்தால் அது தானாகவே நின்றுவிடும். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் தானாக நிற்காத தறியில், நூல் அறுந்ததை யாரும் கவனிக்காவிட்டால் தறி பழுதான துணியை நெய்துகொண்டே போகும். அதைத் தடுக்க ஒருவர் பக்கத்தில் காவல் நிற்க வேண்டும். தறி தானாக நின்றால் காவல் தேவையில்லை. ஒருவரே பல தறிகளைப் பார்க்கலாம். 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் அந்தத் தறிக்கான உரிமையை விலைக்கு வாங்கியது. சாகிச்சியின் மகன் கீச்சிரோ தொடங்கிய கார் நிறுவனம்தான் 1937இல் உருவான டொயோட்டா.

டொயோடா குடும்பத்தின் நூற்பு நெசவுக் கம்பனியில் 1932இல் சேர்ந்து, 1943இல் கார்ப் பக்கம் மாறியவர் தாயிச்சி ஓனோ. போருக்குப் பிறகு டொயோட்டாவிடம் காசும் இல்லை, பெரிய சந்தையும் இல்லை. அமெரிக்கர்களைப் போல ஒரே மாதிரிக் காரை ஆயிரக்கணக்கில் செய்து அடுக்கி வைக்க வழியில்லை. தேவையான பொருளை, தேவையான நேரத்தில், தேவையான அளவு மட்டும் செய்வது என்ற வழிக்கு ஓனோ அப்படித்தான் வந்தார். அமெரிக்க சுப்பர்மார்க்கெட்டுகள் அவருக்கு ஒரு முன்மாதிரி. தட்டில் எது எடுக்கப்பட்டதோ அதை மட்டும் திரும்ப நிரப்புவது.

தறியின் பாடமும் கார்த் தொழிற்சாலைக்குள் வந்தது. வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் ஒரு பிழையைக் கண்டால் மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். குழுத்தலைவர் உடனே வருவார். அங்கேயே தீராவிட்டால் வரிசை நிற்கும். அதாவது, கடைசிப் படியில் நிற்பவருக்கும் வரிசையை நிறுத்தும் உரிமை உண்டு. இந்த ஒரு வசனத்தை மனதில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

விரயத்துக்கு ஜப்பானியச் சொல் ‘முடா’. எங்கள் காதுக்குக் கொஞ்சம் திட்டுப்போலக் கேட்கும். ஓனோ ஏழு முடாக்களைச் சொன்னார். அலுவலகக் கண்ணால் பார்த்தால் அவை இப்படி வரும்: யாரும் வாசிக்காத அறிக்கையைக் கிழமைக்குக் கிழமை தயாரிப்பது மிகையான உற்பத்தி. ஒரு கையெழுத்துக்காக மூன்று நாள் இருப்பது காத்திருப்பு. ஒரே கோப்பை நாலு பிரிவுக்கு அனுப்பி எடுப்பது தேவையற்ற போக்குவரத்து. ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் தட்டச்சுவது மிகையான வேலை. திறக்கப்படாத ஐந்நூறு மின்னஞ்சல் தேங்கிய இருப்பு. ஒரு தகவலுக்காக ஏழு திரைகளைத் திறந்து மூடுவது வீண் அசைவு. ஏழாவது பிழை, அதைத் திருத்துவதற்குத்தான் மற்ற ஆறும் ஓடித்திரிகின்றன. இந்த ஏழில் மிக மோசமானது மிகையான உற்பத்தி என்றார் ஓனோ. அது மற்ற எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும்.

பலர் இந்த ஏழோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் முடாவுக்கு இரண்டு உடன்பிறப்புகள் உண்டு. ‘முரா’ என்றால் சீரின்மை: திங்கள் வேலை இல்லை, வெள்ளி இரவு பத்து மணி வரை வேலை. ‘முரி’ என்றால் ஓர் ஆளின் மீதோ இயந்திரத்தின் மீதோ அளவுக்கு மிஞ்சி ஏற்றும் சுமை. தமிழில் ‘முறி’ என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. ஒன்பது பேரின் வேலையை ஆறு பேரின் தலையில் கட்டினால் அங்கே முடா குறையவில்லை, முரி கூடியிருக்கிறது. அப்பாவின் தொழிற்சாலையில் நடந்ததற்கு லீன் பாடப்புத்தகத்திலேயே பெயர் இருக்கிறது. அது லீன் அல்ல.

முப்பது கோப்புகள்

சில வருடங்களுக்கு முன் காப்புறுதிக் கோரிக்கைகளைக் கையாளும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை வந்தது. பெயர் வேண்டாம். வாடிக்கையாளர் ஒரு கோரிக்கை அனுப்பினால் காசு கைக்கு வரச் சராசரியாக 19 வேலைநாட்கள் எடுத்தன. ஆவணங்களைச் சரிபார்க்கும் பிரிவில் ஆறு பெண்கள் இருந்தார்கள். பெரும்பாலும் ஐம்பதை நெருங்கியவர்கள், எல்லோரும் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். படிவங்களைத் தானாக வாசிக்கும் மென்பொருளை வாங்கி அந்தப் பிரிவைப் பாதியாக்கலாம் என்று முகாமையாளர் நினைத்திருந்தார். அதற்கு ஏற்ற மாதிரி ஒரு செயன்முறை வரைபடம் கேட்டார்கள்.

இரண்டாம் நாள் தேநீர் அறையில் அந்த ஆறு பேரில் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். என் அட்டையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார்.

“தம்பி, எங்கட வேலையை எடுக்கத்தானே உங்களைக் கூப்பிட்டிருக்கினம்?”

“இன்னும் ஒண்டும் முடிவில்லை அன்ரி. முதல்ல பாக்க வேணும்.”

“என்னத்தைப் பாக்கப் போறீங்கள்? கொம்பியூட்டரையா, எங்களையா?”

நான் சொன்னேன், கோப்பைப் பார்க்கப்போகிறேன் என்று. அது சமாளிப்பு இல்லை; முறையே அதுதான். ஆளுக்குப் பின்னால் மணிக்கூட்டோடு நின்றால் ஆள் எவ்வளவு வேகம் என்பது தெரியும். கோப்புக்குப் பின்னால் போனால்தான் வேலை எங்கே நிற்கிறது என்பது தெரியும். முகாமையாளரிடம் அனுமதி வாங்கி, முப்பது கோப்புகளை வந்த நிமிடத்திலிருந்து முடியும் வரை பின்தொடர்ந்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு நேரம் மட்டும் குறித்தேன்: யாராவது கையில் வைத்து வேலை செய்த நேரம், சும்மா கிடந்த நேரம்.

கையில் இருந்த நேரம், எல்லாப் பிரிவுகளையும் கூட்டினாலும், ஒரு கோப்புக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம். மிச்சம் எல்லாம் கிடப்பு. அந்த இரண்டு மணித்தியாலத்தில் அன்ரியின் பிரிவுக்கு உரியது நாற்பது நிமிடம். மென்பொருள் வந்து அந்த நாற்பதை ஐந்தாக்கினாலும் வாடிக்கையாளரின் 19 நாள் 19 நாளாகவே இருந்திருக்கும்.

கிடப்பு எங்கே? பின்னேரம் நாலு மணிக்கு ஒரேயடியாகத்தான் கோப்புகள் அடுத்த பிரிவுக்கு விடப்பட்டன. அனுமதிக் குழு செவ்வாயும் வியாழனும் மட்டும் கூடியது. இருநூறு டொலர் கோரிக்கையும் அதற்காகக் காத்திருந்தது. முப்பதில் பதினொரு கோப்பு, விவரம் குறைவு என்று கடிதத்தோடு வாடிக்கையாளருக்குத் திரும்பிப் போனது. போய்வர ஒரு கிழமைக்கு மேல்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஜோன் லிட்டில் என்பவர் 1961இல் நிறுவிய ஒரு விதி இருக்கிறது: உள்ளே நிற்கும் கோப்புகளின் தொகை, ஒரு நாளைக்கு வருவதை ஒரு கோப்பு தங்கும் நாட்களால் பெருக்கியதற்குச் சமம். அங்கே நாளுக்கு 60 வந்தன. 60 தர 19 என்றால் 1140 கோப்புகள் எப்போதும் உள்ளே. அந்த 1140இன் உரிமையாளர்களும் “என்னுடையது என்னாயிற்று?” என்று தொலைபேசி எடுப்பார்கள். அதற்குப் பதில் சொல்லவே தனியாக ஆட்கள். தங்கும் நாளைக் குறைத்தால் இந்த வேலை தானாகவே இல்லாமல் போகும். யாரும் வேகமாக ஓடத் தேவையில்லை.

அன்ரியின் கொப்பி

பதினொரு கோப்பு ஏன் திரும்பியது என்று கேட்டபோது அன்ரி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்தார். இரண்டு வருடமாகத் திரும்பிய ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி. திகதி, காரணம். அரைவாசிக்கு மேல் ஒரே காரணம்: ஒப்பந்த இலக்கம் எழுதப்படவில்லை.

ஓனோவின் ஆட்கள் ‘ஏன்’ என்று ஐந்து தரம் கேட்பார்கள். நாங்களும் கேட்டோம். ஏன் கோப்பு திரும்பியது? இலக்கம் இல்லை. ஏன் இல்லை? வாடிக்கையாளர் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? படிவத்தில் அதற்கு ஒரு பெயர், வாடிக்கையாளர் கையில் உள்ள அட்டையில் அதே இலக்கத்துக்கு வேறு பெயர். ஏன் இரண்டு பெயர்? படிவத்தையும் அட்டையையும் இரண்டு பிரிவுகள் வெவ்வேறு காலத்தில் மாற்றின. ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை? திரும்பும் கோப்புகளைப் பார்ப்பவர்கள் யாரும் படிவத்தை முடிவுசெய்யும் கூட்டத்தில் இல்லை.

“நான் ஒருக்காச் சொன்னனான் தம்பி. அது உங்கட வேலை இல்லை எண்டிச்சினம். அதோட விட்டிட்டன். எழுதுறதை மட்டும் விடேல்லை.”

நூல் அறுந்ததை அன்ரி கண்டிருக்கிறார். இழுப்பதற்கு அவருக்குக் கயிறு இருக்கவில்லை. ஓனோவின் ஏழுக்குப் பின்னால் வந்தவர்கள் எட்டாவதாக ஒரு விரயத்தைச் சேர்த்தார்கள்: பயன்படுத்தப்படாத மனித அறிவு. பரீட்சைக்கு அதைப் பாடமாக்கியிருந்தேன். அதன் நிறை எவ்வளவு என்று அந்தக் கொப்பியைக் கையில் வாங்கியபோதுதான் தெரிந்தது. எங்கள் அப்பா அம்மாமாரில் எத்தனை பேர் இப்படி ஒரு கொப்பியை மனதுக்குள் வைத்துக்கொண்டு இருபது வருடம் வேலைக்குப் போய் வந்திருப்பார்கள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்ரி நாளுக்கு இரண்டு தரம் மூன்றாம் மாடிக்குப் படியேறிப் போய்வருவார். முகாமையாளர் அதை வீண் அசைவு என்று எனக்கு முதல் நாளே காட்டியிருந்தார். போய்ப் பார்த்தால், அங்கே இருப்பவரிடம் நாலு சந்தேகங்களை நின்ற நிலையில் கேட்டுத் தீர்த்துக்கொண்டு வருகிறார். அதே கேள்விகளைக் கணினி வழியாக அனுப்பினால் பதில் வர இரண்டு நாள். விரயம் நடையில் இல்லை. நடக்க வைத்த முறையில் இருந்தது. அந்த நடையை நிறுத்தியிருந்தால் 19 நாள் 21 ஆகியிருக்கும். பட்டியலை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று விரயம் தேடினால் இப்படித்தான் முடியும். வேலை நடக்கும் இடத்துக்கே போ என்று டொயோட்டாக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஏன் அப்பா சொல்வதிலும் நியாயம் உண்டு

கலிபோர்னியாவின் ஃபிரிமொன்ட்டில் ஜெனரல் மோட்டோர்ஸின் ஒரு தொழிற்சாலை இருந்தது. வேலைக்கு வராமை, சண்டை, பழுதான கார்கள் என்று பெயர் கெட்டு 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டோர்ஸும் கூட்டாக ‘நம்மி’ என்ற பெயரில் அதைத் திரும்பத் திறந்தன. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். கொஞ்சக் காலத்துக்குள் ஜெனரல் மோட்டோர்ஸின் மிக நல்ல தரமுள்ள தொழிற்சாலைகளில் ஒன்றாக அது மாறியது. மனிதர்கள் மாறவில்லை. அவர்கள் கையில் கயிறு கொடுக்கப்பட்டது, வேலை போகாது என்ற உறுதியும் கொடுக்கப்பட்டது. பின்னர் விற்பனை விழுந்த காலத்திலும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ‘லீன்’ என்ற பெயரை 1988இல் ஒரு கட்டுரை வழியாகப் பரப்பிய ஜோன் கிராஃப்சிக்கும் அங்கே வேலை செய்த பொறியியலாளர்தான்.

அந்த உறுதியும் சும்மா பிறந்ததல்ல. 1950இல் டொயோட்டாவே முறியும் நிலைக்கு வந்து ஆட்குறைப்பு செய்தது. பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. நிறுவனர் கீச்சிரோ பதவி விலகினார். அந்தக் காயத்துக்குப் பின்னர்தான் நிரந்தரத் தொழிலாளருக்கு வேலைப் பாதுகாப்பு அங்கே ஓர் அடிப்படையானது.

‘நிரந்தர’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சத்தோஷி கமாத்தா என்ற எழுத்தாளர் 1972இல் டொயோட்டாவில் பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்து, அனுபவத்தை 1973இல் புத்தகமாக்கினார். கூடிக்கொண்டே போன வேகம், மேலதிக நேரம், உடைந்த உடம்புகள். ஒரே கூரைக்குக் கீழ் ஒருவருக்குக் கயிறு, இன்னொருவருக்கு முரி. அப்பா பேசுவது அந்த இரண்டாவது ஆளின் மொழி.

நான் அறிக்கையை எழுத முதல் ஒரு வரி கேட்டேன்: இந்த வேலையின் காரணமாக ஒருவரும் வேலை இழக்கமாட்டார்கள் என்று எழுத்தில் தாருங்கள். அது இரக்கம் மட்டுமல்ல. தன் கழுத்துக்கே வரும் என்று தெரிந்தால் யார் கொப்பியை எடுத்துக் காட்டுவார்கள்? பேசிப் பேசி, நிரந்தர ஊழியருக்கு மட்டும் அந்த உறுதி கிடைத்தது. ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்கு இல்லை என்றார்கள். திரும்பவும் கேட்டேன். இல்லை.

படிவத்தில் இரண்டு சொல் மாறியது. சிறு தொகைகளைக் குழுவுக்கு அனுப்பாமல் அன்றன்றே அனுமதிக்கும் அதிகாரம் பிரிவுத் தலைவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. நாலு மணிக்கு ஒரேயடியாக விடுவதை நிறுத்தி மணிக்கொரு தரம் விட்டார்கள். மூன்று மாதத்தில் 19 நாள் 8 ஆனது. மென்பொருளையும் பிறகு வாங்கினார்கள், முதலில் நினைத்ததைவிடச் சிறியதாக. அன்ரி இப்போது படிவக் கூட்டத்தில் இருக்கிறார், கொப்பியோடு. ஆறு பேரில் ஒருவர் ஏஜென்சிப் பிள்ளை, கடைசியாக வந்தவர். அவருடைய ஒப்பந்தம் முடிந்தபோது அதைப் புதுப்பிக்கவில்லை.

அப்பாவிடம் முழுவதையும் சொன்னேன். 19 எட்டானதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. “அந்தப் பிள்ளைக்குப் பிறகு வேலை கிடைச்சதோ?” என்றுதான் கேட்டார். கிடைத்தது, வேறோர் ஏஜென்சியில். அதைச் சொன்னபோது அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அன்றிலிருந்து நான் ஒரு வேலையை ஏற்க முதல் கேட்கும் கேள்விகளில் ஏஜென்சி ஆட்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன உறுதி என்பதும் ஒன்று. ஒன்றிரண்டு இடங்களில் அந்தக் கேள்வியோடு பேச்சே முடிந்திருக்கிறது.

நீங்கள் போகும் இடத்தில்

நீங்கள் கோ-ஒப்புக்கோ முதல் வேலைக்கோ போகும்போது உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. புதியவர் என்பதால் எதையும் “ஏன்?” என்று கேட்கலாம், ஒருவரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். அந்த வசதி ஆறு மாதத்தில் போய்விடும். அதற்குள் ஒரு கோப்பையோ, ஒரு கட்டளையையோ, ஒரு மென்பொருள் திருத்தத்தையோ தொடக்கத்திலிருந்து முடிவு வரை பின்தொடர்ந்து பாருங்கள். கையில் இருந்த நேரம், கிடந்த நேரம் இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். பத்து போதும். எங்கே தேங்குகிறது என்பது உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

தெரிந்ததும் மேலே போய்ச் சொல்ல அவசரப்படாதீர்கள். முதலில் அந்த வேலையை நீண்ட காலமாகச் செய்யும் ஒருவரிடம் போங்கள். அவர் துப்புரவு செய்பவராக இருக்கலாம், பண்டகசாலையில் பொதி கட்டுபவராக இருக்கலாம், உங்கள் அம்மாவின் வயதில் ஆங்கிலம் தட்டித்தடவிப் பேசுபவராக இருக்கலாம். “இதில உங்களுக்குப் பெரிய கரைச்சல் தாறது எது?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். அவர் சொன்னதை அறிக்கையில் எழுதும்போது, அது அவர் சொன்னது என்று அவர் பெயரையும் எழுதுங்கள், அவருக்குச் சம்மதம் என்றால்.